கோழித் தீவனத்தில் மருந்து எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொழிச்சலூர்ப் பக்கம் வந்து பாருங்கள். கறிக்கோழிக் கடைகளின் முன்னால் பையும் பாத்திரமுமாக மக்கள் காத்து நிற்பார்கள். கம்பிக் கூண்டுக்குள் வெள்ளைக் கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் ஒன்றைப் பிடித்து எடை போடுவார், அறுப்பார், தோலுரிப்பார், கட்டையில் வைத்துத் துண்டு போடுவார். பத்தே நிமிடத்தில் கறி வீட்டுக்குப் போய்விடும். பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், தாம்பரம் என்று சென்னையின் தெற்குப் புறநகரில் எங்கே போனாலும் இதே காட்சிதான்.

அதே தெருவில் நாலு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை இருக்கும். "அண்ணே, வயித்தாலே போகுது. ரெண்டு மாத்திரை கொடுங்க" என்று ஒருவர் கேட்பார். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. கடையில் இருப்பவரும் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார். நம்மில் பலர் இதை அன்றாடம் பார்க்கிறோம்.

மாணவ நண்பர்களே, இந்த இரண்டு கடைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? அந்தக் கோழி வளர்ந்த பண்ணையிலும், இந்த மனிதரின் வயிற்றிலும் செலவாவது பெரும்பாலும் ஒரே வகை மருந்துதான். ஆன்டிபயாடிக் என்று நாம் அழைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துதான் அது. இந்த மருந்துகள் ஒவ்வொன்றாக வலுவிழந்து வருகின்றன. நோயுற்ற உயிருக்குக் கொடுக்கவேண்டிய மருந்தை நோயில்லாத கோழிக்குத் தீவனமாகப் போடுவது தவறு என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடங்காத பாக்டீரியா எப்படித் தோன்றுகிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிடுவோம். "அடிக்கடி மாத்திரை சாப்பிட்டு என் உடம்புக்கு அது பழகிவிட்டது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மருந்துக்குப் பழகுவது நம் உடம்பு அன்று. உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாதான் மருந்துக்கு அடங்காமல் போகிறது.

உணவும் வெப்பமும் ஏற்றபடி இருந்தால் ஈ.கோலி என்னும் குடல் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். காலை 8 மணிக்கு ஒன்று இருந்தால், பகல் 3 மணிக்குள் 21 முறை பிரிந்து 20 லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். வேண்டுமானால் ஒன்றை இரண்டால் 21 முறை பெருக்கிப் பாருங்கள்! இவ்வளவு வேகமாகப் பெருகும்போது அவற்றின் மரபணுக்களில் எங்கேனும் ஒரு சிறு பிழை நேர்வது இயல்பு. பெரும்பாலான பிழைகளால் ஒரு பயனும் இல்லை. ஆனால் கோடியில் ஒன்றுக்கு, மருந்தை வெளியே தள்ளவோ, அதைச் சிதைக்கவோ வல்ல ஒரு மாற்றம் தற்செயலாக அமைந்துவிடலாம்.

மருந்து இல்லாத இடத்தில் அந்த ஒன்றுக்குச் சிறப்பு எதுவும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக இருக்கும். மருந்து வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. மற்றவை யாவும் மடிகின்றன. அடங்காத ஒன்று மட்டும் தப்பி, காலியான இடம் முழுவதையும் தன் சந்ததியால் நிரப்புகிறது. மருந்து அடங்காத பாக்டீரியாவை உண்டாக்குவதில்லை. அதைத் தேர்ந்தெடுத்து வளரவிடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார். கொல்லப் போதாத சிறு அளவு மருந்தில் கிருமிகளை வைத்திருந்தால், அவை எளிதில் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடும் என்று எச்சரித்தார். இந்தச் "சிறு அளவு" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். அது மறுபடியும் வரப்போகிறது.

கைமாறும் மரபணு

அடங்காத பாக்டீரியா தன் குணத்தைத் தன் சந்ததிக்கு மட்டும் கொடுப்பதாக இருந்தால் தொல்லை ஓரளவோடு நின்றிருக்கும். ஆனால் பாக்டீரியாக்களிடம் ஒரு விந்தையான வழக்கம் உண்டு. பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையம் ஒன்று பல பாக்டீரியாக்களில் இருக்கிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்போது இந்த வளையத்தின் நகலை ஒன்று மற்றொன்றுக்குக் கொடுத்துவிடும். வாங்கிக்கொள்வது தன் இனமாகவே இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை!

இதை உலகுக்கு உணர்த்தியது ஜப்பான் நாடு. 1950-களின் இறுதியில் அங்கே சீதபேதி பரவியது. அதன் கிருமியான ஷிகெல்லா, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கு மருந்துகளுக்கும் ஒருசேர அடங்காமல் நின்றது. ஆராய்ந்தபோது, ஈ.கோலியிடமிருந்து ஷிகெல்லாவுக்கு இந்தக் குணம் மொத்தமாகக் கைமாறக்கூடும் என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 1959-ல் கண்டார்கள்.

நமக்கு அடுத்த மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. டைஃபாய்டு காய்ச்சல் என்பது மாசுபட்ட உணவாலும் நீராலும் பரவும் நோய். அதற்குக் குளோரம்ஃபெனிகால் கைகண்ட மருந்தாக இருந்து வந்தது. 1972-ல் கோழிக்கோட்டில் இந்த மருந்துக்கு அடங்காத டைஃபாய்டு பாக்டீரியா பரவுவதை அங்குள்ள மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பணிக்கரும் விமலாவும் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அந்தக் குணம் மற்றொரு பாக்டீரியாவுக்குக் கைமாறக்கூடியது என்பதையும் காட்டினார்கள். உங்களில் யாரேனும் டாக்டருக்குப் படிக்கப் போனால், இதே பணிக்கர் அனந்தநாராயணனுடன் சேர்ந்து எழுதிய நுண்ணுயிரியல் பாடநூலைக் கையில் எடுப்பீர்கள்.

ஆக, கோழியின் குடலில் இருக்கும், நமக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒரு பாக்டீரியாகூட, ஆபத்தான ஒரு கிருமிக்கு ஆயுதம் வழங்கக்கூடும். "அது கோழிக்கு வரும் கிருமி, நமக்கென்ன?" என்று கேட்பது ஏன் பொருந்தாது என்பது இப்போது புரிகிறதல்லவா?

தீவனத்துக்குள் மருந்து வந்த கதை

1940-களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு என்னென்ன சத்துகள் வேண்டும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற மருந்தைத் தயாரித்தபின் மிஞ்சும் கசடைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தன. கசடில் தங்கியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்று தெரியவந்தது. அவ்வளவுதான்! சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளிலும் கோழி, பன்றித் தீவனங்களில் ஆன்டிபயாடிக்கைச் சிறிது கலப்பது வழக்கமாகிவிட்டது.

எவ்வளவு கலந்தார்கள்? நோயைத் தீர்க்கத் தேவையான அளவு அல்ல. அதைவிடக் குறைவான அளவு. அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில். ஃபிளெமிங் எதைச் செய்யாதீர்கள் என்றாரோ, அதையே உலகம் முறையாகச் செய்ய ஆரம்பித்தது.

இதன் விளைவை அமெரிக்க டாக்டர் ஸ்டூவர்ட் லெவி நேரில் அளந்து பார்த்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறு பண்ணையில் கோழிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம், மற்றதற்குக் கலக்காத தீவனம் என்று கொடுத்து வந்தார். ஒரே வாரத்தில், மருந்து தின்ற கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவையாகிவிட்டன. ஐந்தாறு மாதங்களில் பண்ணை வீட்டு மனிதர்களின் குடலிலும் அதே மாறுதல் தெரிந்தது. அவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் 31 சதவிகிதத்தில் அடங்காத பாக்டீரியாக்களே மிகுதியாக இருந்தன. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் எடுத்தவற்றில் அது 7 சதவிகிதம் மட்டுமே. 1976-ல் வெளியான இந்த ஆய்வு, கோழிக்குப் போட்ட மருந்தின் விளைவு கோழியோடு நிற்பதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டியது.

அங்கே வேலி தாண்டியது என்றால், இங்கே தாண்டாதா? பண்ணையிலிருந்து கோழி லாரியில் ஏறி நகரத்துக்கு வருகிறது. கோழி எரு வயலுக்குப் போகிறது. அங்கிருந்து கீரையும் கொத்தமல்லியும் சந்தைக்கு வருகின்றன. கடையில் கழுவிவிட்ட நீர் சாக்கடைக்குப் போகிறது. பொழிச்சலூரை ஒட்டி ஓடும் அடையாற்றை எண்ணிப் பாருங்கள். 2015 டிசம்பரில் அது கரைபுரண்டபோது, எது ஆற்று நீர், எது சாக்கடை நீர் என்று யாரால் பிரிக்க முடிந்தது? நாம் போட்ட எல்லைகள் பாக்டீரியாவுக்குத் தெரியாது.

கோலிஸ்டின் தரும் பாடம்

கோலிஸ்டின் என்றொரு பழைய மருந்து உண்டு. அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் 1970-களில் டாக்டர்கள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பின்னர் மற்ற மருந்துகள் தோற்கத் தொடங்கியதும், வேறு வழியின்றி அதைத் திரும்ப எடுத்தார்கள். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில், எதற்கும் அடங்காத கிருமியோடு போராடும் நோயாளிக்கு மிச்சமிருக்கும் மிகச் சில மருந்துகளில் அதுவும் ஒன்று.

இந்தக் கடைசிக் கையிருப்பைத்தான் பல நாடுகளில் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் போட்டார்கள்! 2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் அதன் விளைவை அறிவித்தார்கள். எம்.சி.ஆர்-1 என்ற மரபணு, கோலிஸ்டினுக்கு அடங்காத குணத்தை ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகிறது. பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிலும் அந்த மரபணு கிடைத்தது.

நம் சென்னை மட்டும் தப்பியதா? இல்லை. டாக்டர் அப்துல் கஃபூரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் சென்னையில் கோழி, ஆட்டிறைச்சி, மீன், காய்கறி என்று உணவு மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். கோலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் அவற்றில் இருந்தன. சிலவற்றில் அந்த எம்.சி.ஆர்-1 மரபணுவும் இருந்தது. 2019-ல் வெளியான இந்த ஆய்வில் காய்கறியும் இடம்பெற்றதைக் கவனியுங்கள். "நாங்கள் சைவம், எங்களுக்குக் கவலையில்லை" என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது.

2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கும் தீவனக் கலவைகளுக்கும் கோலிஸ்டினைப் பயன்படுத்தத் தடை விதித்தது. நல்ல முடிவு. தடையால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சீனாவே பதில் சொல்கிறது. அங்கே வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை 2017-ல் நிறுத்தினார்கள். பன்றிகளின் ஈ.கோலியில் கோலிஸ்டினுக்கு அடங்காதவை 2015-16-ல் 34 சதவிகிதம் இருந்தன. 2017-18-ல் சுமார் 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டன. கோழிகளில் 18 சதவிகிதம் இருந்தது, அங்கும் 5 சதவிகிதம் ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இந்த மாற்றம்! மருந்து இல்லாத இடத்தில் அடங்காத பாக்டீரியாவுக்குச் சிறப்பு எதுவும் இல்லை என்று முன்பு பார்த்தோமல்லவா? அதன் பலன் இதுவே. எனவே "இனி என்ன செய்து என்ன பயன்?" என்று கைவிடுவதற்கு இடமில்லை.

பண்ணைக்காரர் சொல்வது என்ன?

வழக்கென்றால் எதிர்த்தரப்பையும் கேட்கவேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கத்தில் கறிக்கோழி வளர்ப்பவர்களில் மிகப் பலர் ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்கள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. சுமார் 40 நாட்களில் கோழி இரண்டு கிலோ எட்டியதும் நிறுவனம் எடுத்துக்கொண்டு, எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி தரும். ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள். ஒன்றுக்கு நோய் வந்தால் அத்தனைக்கும் பரவும். "கோழி செத்தால் நட்டம் எனக்குத்தானே? முன்கூட்டியே மருந்து கொடுத்தால் என்ன தவறு?" என்று அவர் கேட்கிறார். மலிவான கோழியினால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் புரதம் கிடைக்கிறது என்றும் சொல்கிறார்.

இரண்டும் நியாயமான பேச்சுத்தான். பண்ணைக்காரரைக் குற்றவாளியாக்கித் திட்டுவது என் நோக்கமன்று. நோயுற்ற கோழிக்குக் கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தைச் சொன்ன அளவில் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. அது தேவையும்கூட. ஆனால் நோய் வராமல் காக்க ஆன்டிபயாடிக் ஒன்றுதான் வழியா? கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய் வைரஸால் வருவது. எந்த ஆன்டிபயாடிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. தடுப்பு மருந்துதான் காக்கும். காற்றோட்டமான கொட்டகை, உலர்ந்த தரைவிரிப்பு, சுத்தமான குடிநீர், நெருக்கடியில்லாத இடம், தடுப்பு மருந்து ஆகிய ஐந்தும் இருந்தால் மருந்துத் தேவை தானே குறையும்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. பிரிட்டனில் ஸ்வான் குழு 1969-லேயே, மனிதருக்கு உதவும் ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்றது. சுவீடன் 1986-ல் வளர்ச்சிக்கான மருந்துகளை அடியோடு நிறுத்தியது. முதல் சில ஆண்டுகள் அங்கே பன்றிக்குட்டிகள் கழிச்சலால் துன்பப்பட்டது உண்மைதான். பிறகு கொட்டகையையும் தீவனத்தையும் வளர்ப்பு முறையையும் திருத்திச் சமாளித்தார்கள். 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் அந்தத் தடை வந்தது. அங்கே கோழி வளர்ப்பு நின்றுவிடவில்லையே!

கொட்டகையைத் திருத்தச் செலவாகும்தான். அந்தச் செலவை விவசாயியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. நிறுவனங்கள் ஒரு பங்கும், அரசு ஒரு பங்கும், கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து நாம் ஒரு பங்கும் ஏற்கவேண்டும். "மலிவான கோழி" என்கிறோம். அதன் மீதி விலையை யாரோ ஒரு நோயாளி மருத்துவமனைக் கட்டிலில் கொடுக்கிறார் என்றால், அது உண்மையில் மலிவுதானா?

மனிதர் பக்கத்துத் தவறு

கோழியை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. முதலில் பார்த்த மருந்துக்கடைக்குத் திரும்புவோம். வயிற்றுப்போக்கு பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பதே முதல் வைத்தியம். சீதபேதி, கடுங்காய்ச்சல் போன்றவை இருந்தால் டாக்டரிடம் போகவேண்டும். இரண்டே மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது, கோழித் தீவனத்தில் சிறிது மருந்து கலப்பதைப் போன்ற செயல்தான்.

இந்தப் பாடம் நம் பகுதிக்குப் புதிதன்று. தாம்பரத்துக்கு முன்னால் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய்க்கு முதலில் வந்த ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது, சில மாதங்களிலேயே கிருமிகள் அதற்கு அடங்காமல் போயின. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்து, சொன்ன காலம் வரை கொடுத்தால்தான் வெல்லமுடியும் என்று உலகம் கற்றது. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், அத்தகைய சிகிச்சையை வீட்டிலிருந்தபடியே பெற்றும் குணமடையலாம் என்று காட்டியது. மருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. ஒழுங்காகப் பயன்படுத்துவது மீதி வேலை.

பிற்காலத்தில் நாம் அந்த ஒழுங்கைத் தளர்த்தினோம். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி, பிரிட்டனின் திமத்தி வால்ஷ் முதலியோர் என்.டி.எம்-1 என்ற மரபணுவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிக வலிய மருந்துகளையும் சிதைக்கும் அந்த மரபணு கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44 மாதிரிகளில் கிடைத்திருந்தன. அதற்கு அடுத்து 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிய மருத்துவர்கள், ஆன்டிபயாடிக் விற்பனையையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தக் கோரிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல், பல ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது நோயாளி, டாக்டர் பெயர்களைக் கடையில் பதிவு செய்யவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விதி இருக்கிறது. அதைக் கடைப்பிடிப்பது கடைக்காரரையும் நம்மையும் பொறுத்தது.

உலகக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-ம் ஆண்டில் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் மாண்டார்கள் என்று 2022-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிடுகிறது.

அப்படியானால் கோழி சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியாவும் அடுப்புக்கு அடங்கிவிடும்! நன்றாகக் கொதித்து வெந்த குழம்பில் அது பிழைக்காது. ஆபத்து வெந்த கறியில் இல்லை. வேகாத கறியைத் தொட்ட கையிலும், கத்தியிலும், பலகையிலும் இருக்கிறது. கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காயை நறுக்கித் தயிர்ப்பச்சடி செய்தால், சால்மொனெல்லா போன்ற கிருமிகளை நாமே தட்டில் பரிமாறிக்கொள்கிறோம். கறியைக் குழாயடியில் பிடித்து நீர் தெறிக்கக் கழுவினாலும் அப்படியே. பாத்திரத்தில் வைத்து மெல்லக் கழுவி, பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். பச்சைக் காய்க்கு வேறு பலகை வைத்துக்கொள்ள அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லுங்கள்.

ஒரு நுட்பத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். "கறியில் மருந்து எச்சம் இல்லை" என்பதும் "கறியில் அடங்காத பாக்டீரியா இல்லை" என்பதும் ஒன்றல்ல. விற்பதற்குச் சில நாட்கள் முன்பே மருந்தை நிறுத்திவிட்டால் எச்சம் வடிந்துவிடும். ஆனால் அதற்குள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகிவிட்ட பாக்டீரியாக்கள் கோழியின் குடலில் அப்படியே இருக்கும். விளம்பரத்தில் முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு இரண்டாவதும் உண்மை என்று எண்ணிவிடக் கூடாது.

ஊர்ப்பொதுச் சொத்து

ஏரிகள் மிகுந்தது நம் செங்கல்பட்டுச் சீமை. அந்தக் காலத்தில் ஏரி நீர் ஊருக்குப் பொது. யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு என்று முறை வைத்துப் பாய்ச்சினார்கள். ஒருவர் இரவோடிரவாக மடையைத் திறந்துவிட்டால், கடைசி வயல்காரரின் பயிர் காயும். அதனால்தான் அது தனிமனிதர் விருப்பத்துக்கு விடப்படவில்லை.

ஆன்டிபயாடிக்கும் அத்தகைய பொது ஏரிதான். நீங்கள் தேவையின்றி விழுங்கும் மாத்திரையாலும், நலமாயிருக்கும் கோழிக்குப் போடும் மருந்தாலும் ஏரியின் மட்டம் குறைகிறது. கடைசி வயல்காரர் யார்? நாளைக்கு நிமோனியாவோடு மருத்துவமனைக்கு வரும் ஒரு குழந்தை. இது பண்ணைக்காரரும், கடைக்காரரும், டாக்டரும், நாமும் சேர்ந்து முறை வைத்துக் காக்கவேண்டிய நீர். நலமான கோழிக்கு ஆன்டிபயாடிக் இல்லை. நோயுற்ற கோழிக்குக் கால்நடை மருத்துவர் சொன்னபடி மட்டும். மனிதருக்கான கடைசிக் கையிருப்பு மருந்துகள் பண்ணைப் பக்கமே போகக்கூடாது. முறை இவ்வளவுதான்.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சில மாத்திரை அட்டைகளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்பதற்கு அது அடையாளம். 2016-ல் மத்திய அரசு இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி ஒரு விழிப்புணர்வு இயக்கமே நடத்தியது. அப்படிப்பட்ட அட்டைகள் எத்தனை, அவற்றில் பாதியில் நின்றவை எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லோருடைய கணக்கையும் கூட்டிப் பாருங்கள். உங்கள் ஊரில் ஏரி எப்படி வற்றுகிறது என்பது அந்தக் கூட்டுத்தொகையில் தெரிந்துவிடும்.